வீட்டையே ஓட்டிக்கொண்டு போனவர்கள்: அமெரிக்க ஓய்வுக்காலமும் ஆர்.வி.யும்

இந்த எபிசோட்ல ஒரு வண்டியோட வரலாறு பார்க்கப்போறோம். ஆர்.வி., அதாவது ரெக்ரியேஷனல் வெஹிக்கிள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும். சிலது பஸ் மாதிரி தானே ஓடும்; அது மோட்டார் ஹோம். சிலதை டிரக்குக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போகணும், அது டிரெய்லர். அமெரிக்காவுல பெரிய நேஷனல் பார்க் எதுக்குப் போனாலும் இந்த வண்டிகள் நிற்கும். பக்கத்துல மடக்கு நாற்காலி போட்டு, அறுபது எழுபது வயசுல ஒரு தம்பதி உட்கார்ந்திருப்பாங்க.

பார்த்ததும் என்ன தோணும்? பொறுப்பெல்லாம் முடிஞ்சுது, ஜாலியா சுத்துறாங்கன்னு. ஆனா அந்த நாற்காலிக்குப் பின்னாடி அரசாங்கம் போட்ட நாலு பைப்லைன் இருக்கு: கேம்ப்கிரவுண்டு, பென்ஷன், ரோடு, மருத்துவக் காப்பீடு. இந்த நாலும் வந்த பிறகும் தீராத ஒரு சிக்கல் குடும்பம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

தகர டப்பாக்காரங்க

யெல்லோஸ்டோன் 1872-லேயே நேஷனல் பார்க் ஆயிடுச்சு. ஆனா உள்ளே கார் விட்டது 1915-ல்தான். அதுவரைக்கும் ரயில்ல வந்து, குதிரை வண்டியில சுத்தி, ஹோட்டல்ல தங்கணும். காசு உள்ளவங்க சமாச்சாரம். கார் வந்ததும் கூடாரத்தைக் கட்டிக்கிட்டு சாதாரண ஆளும் கிளம்பலாம்னு ஆச்சு. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துல இப்படிச் சுத்துறவங்க சேர்ந்து 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. காரோட ரேடியேட்டர் மூடியில ஒரு தகர டப்பா பற்றவெச்சிருக்கும். அதுதான் மெம்பர்ஷிப் கார்டு.

கூட்டம் பெருகினதும் மரங்களுக்கு ஆபத்து. கார் ஏறி ஏறி மண் இறுகி, வேர்கள் பாதிக்கப்பட்டுச்சு. இதை ஆராய்ஞ்ச தாவர நோய் நிபுணர் ஈ.பி. மைனெக்கே, 1932-ல் ஒரு கேம்ப்கிரவுண்டு திட்டம் கொடுத்தார். ஒருவழி வளையப் பாதை, ஒவ்வொரு இடத்துக்கும் வண்டி நிறுத்த ஒரு சின்னக் கிளை, நகர்த்த முடியாத மேசை, அடுப்பு. அவ்வளவுதான். இன்னிக்கும் அமெரிக்க பார்க்குகள்ல ஆர்.வி.க்கள் நிற்கிற அமைப்புக்கு அடிப்படை அந்தத் திட்டம்தான்.

கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கலைங்கிறதையும் சொல்லணும். வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பார்க்ல, 1939-ல் திறந்த லூயிஸ் மவுன்டன் கேம்ப்கிரவுண்டு கருப்பின மக்களுக்குன்னு தனியா ஒதுக்கப்பட்டது. அந்தப் பிரிவினை முழுசா ஒழிய 1950 வாக்கில் ஆச்சு.

22 டாலர் 54 சென்ட்

இதுல ரிட்டையர் ஆனவங்க எப்போ வர்றாங்க? 1935-க்கு முன்னாடி, அமெரிக்காவிலும் வயசான பெரும்பாலானவங்களுக்கு மூணே வழி: உடம்பு முடியுற வரைக்கும் உழைக்கிறது, சேமிப்பு, இல்லைன்னா பிள்ளைங்க. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில வேலையும் சேமிப்பும் லட்சக்கணக்கானவங்களுக்குக் கரைஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது பிள்ளைங்க வீட்டுத் திண்ணைதான்.

1935-ல் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தது. 1940 ஜனவரி 31-ஆம் தேதியிட்ட முதல் மாதாந்திரக் காசோலை, வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லருக்குப் போச்சு. தொகை 22 டாலர் 54 சென்ட். பெரிய காசு இல்லை. ஆனா அது மகன் கையிலிருந்தோ மருமகள் கையிலிருந்தோ வரலை. பிள்ளைங்க இருக்கிற ஊர்லதான் இருந்தாகணும்ங்கிற கட்டாயம் இங்கேதான் தளர ஆரம்பிக்குது.

1956-ல் பெண்களும், 1961-ல் ஆண்களும், தொகை கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னா 62 வயசிலேயே இதை வாங்கலாம்னு ஆச்சு. கால்ல தெம்பு இருக்கும்போதே கிளம்ப முடியும்.

1966-ல் ஒண்ணு சேர்ந்தது

அதே 1956-ல் இன்டர்ஸ்டேட் ஹைவே சட்டம் வந்தது. திட்டம் 41,000 மைல். அதே வருஷம் நேஷனல் பார்க் சர்வீஸ் 'மிஷன் 66'ங்கிற பத்து வருஷத் திட்டத்தைத் தொடங்கினாங்க. துறையோட 50-ஆவது ஆண்டான 1966-க்குள்ள ரோடு, கேம்ப்கிரவுண்டு, விசிட்டர் சென்டர் எல்லாத்தையும் புதுப்பிக்கணும்ங்கிறது இலக்கு.

1966-ல் வேற என்னென்ன நடந்ததுன்னு பாருங்க. ஜூலை 1-ஆம் தேதி மெடிகேர் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அமெரிக்க முதியவர்கள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆஸ்பத்திரிக் காப்பீடே கிடையாது. இப்போ எந்த மாநிலத்துல உடம்பு முடியாம படுத்தாலும் செல்லுபடியாகிற காப்பீடு. அதே வருஷம் அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில வின்னபேகோ கம்பெனி மோட்டார் ஹோம்களைத் தயாரிக்க ஆரம்பிச்சது. அதே வருஷம் ஆர்.வி. ஓட்டுறவங்க வழியில ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிறதுக்காக 'குட் சாம்' கிளப்பும் ஆரம்பமாச்சு. தனித்தனியா பில்ட் ஆன மாட்யூல்கள் எல்லாம் ஒரே ரிலீஸ்ல வெளிவந்த மாதிரி.

"அம்மா, நீங்க எங்கே இருக்கீங்க?"

சரி, கிளம்பியாச்சு. பேரன் பிறந்தா எப்படித் தெரியும்? கூடப்பிறந்தவங்களுக்கு முடியலைன்னா?

ஆரம்ப வழி 'ஜெனரல் டெலிவரி'. நாம போகப்போற ஊர் தபால் ஆபீஸ் பேருக்குக் கடிதம் வரும், அடையாளம் காட்டி வாங்கிக்கணும். அதுக்கு எந்தத் தேதி எந்த ஊர்னு பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கணும். நடுவுல கேம்ப்கிரவுண்டு வாசல்ல இருக்கிற காசு போடுற போன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்கே வரிசை நின்னா ஆச்சரியமே இல்லை.

1978-ல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதி, முழுநேரமா ஆர்.வி.யில வாழறவங்களுக்காக 'எஸ்கேப்பீஸ்' கிளப்பை ஆரம்பிச்சாங்க. பேரு 'தப்பிச்சவங்க'ங்கிற மாதிரி இருக்கும். ஆனா அந்த கிளப்போட முக்கியமான சேவைகள்ல ஒண்ணு தபால். டெக்சாஸின் லிவிங்ஸ்டன்ல உங்களுக்கு ஒரு முகவரி கிடைக்கும்; வர்ற கடிதத்தையெல்லாம் நீங்க இருக்கிற ஊருக்குத் திருப்பி அனுப்புவாங்க. தப்பிச்சு ஓடினவனுக்கு எதுக்குங்க முகவரி?

பிள்ளைங்க பக்கம் மனத்தாங்கல் இல்லாம இல்லை. 'பிள்ளைங்க சொத்தைத்தான் செலவு பண்ணிட்டிருக்கோம்'ங்கிற அர்த்தத்துல ஆர்.வி.க்குப் பின்னாடி ஒட்டுற ஒரு ஸ்டிக்கர் ரொம்பப் பிரபலம். வீட்டை வித்து வண்டி வாங்கினா, பண்டிகைக்கு எல்லாரும் கூடுற இடமும் சேர்ந்து போகுதுங்கிறது அந்த ஜோக்குக்கு அடியில இருக்கிற கனமான விஷயம்.

செல்போன் வந்து எல்லாம் தீர்ந்துடுச்சா? யெல்லோஸ்டோன் உள்ளே பெரும்பகுதியில இன்னிக்கும் சிக்னல் கிடையாது. பல பார்க்குகள்ல இடம் வேணும்னா ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணணும். குடும்பத்துல வர்ற அவசரம் ஆறு மாசம் முன்னாடி சொல்லிட்டு வராது.

வண்டி நிற்கிற நாள்

டோரதி, டேவிட் கவுன்ட்ஸ்னு ஒரு மானுடவியல் தம்பதி, தாங்களே ஆர்.வி.யில வாழ்ந்து, 1996-ல் இந்த முதியவர்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க பார்த்தது, முன்பின் தெரியாத அக்கம்பக்கத்து வண்டிக்காரங்க சாப்பாடு, உதவி பகிர்ந்து சீக்கிரமே ஒரு சமூகமா மாறுறதை. ஆனா அந்தச் சமூகத்தோட அடுத்த வண்டி நாளைக்குக் காலையில கிளம்பிடும். ஒரு நாள் உதவி வேற, தினசரிப் பராமரிப்பு வேற.

இன்ஜினியர் பாஷையில, இந்த வாழ்க்கையில 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' ஓட்டுறவரோட கண்ணும் கையும். அவருக்குப் பக்கவாதம் வந்தா வண்டி, வீடு, பயணம் மூணும் ஒரே நொடியில நின்னுடும். எஸ்கேப்பீஸ்காரங்களுக்கு இது தெரிஞ்சிருந்தது. 1990களில் லிவிங்ஸ்டன்லேயே 'கேர்'ங்கிற மையத்தைத் திறந்தாங்க. வண்டியை அங்கே நிறுத்திட்டு, சொந்த ஆர்.வி.யிலேயே தொடர்ந்து வாழலாம். சாப்பாடு, பகல்நேரப் பராமரிப்பு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது எல்லாம் உண்டு.

எனக்கு இந்த வரலாற்றுல முக்கியமாப் படறது இதுதான். பென்ஷன் வந்து பணத்துக்குப் பிள்ளைங்களை எதிர்பார்க்கிறதைக் குறைச்சது. தபாலும் போனும் தூரத்தைக் குறைச்சது. மூணாவது சார்பு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கை பிடிச்சு எழுப்ப ஒரு ஆள் வேணும்ங்கிறது. அதுக்கு ஒரு ஹைவேயும் போடலை. சிலருக்கு மகள் வீட்டு வாசல், சிலருக்கு கேர் மையம். பலர் கிளம்பும்போது அந்தப் பேச்சையே எடுக்கிறதில்லை.

நேஷனல் பார்க்குகளுக்கான சீனியர் பாஸ் 62 வயசிலிருந்து கிடைக்கும், வாழ்நாளுக்கும் செல்லும். 2017 ஆகஸ்ட் வரைக்கும் அதோட விலை 10 டாலர், அப்புறம் 80 டாலர். வாங்குற அன்னிக்கே பிள்ளைங்களோட உட்கார்ந்து, வண்டி நின்னா எங்கேன்னு ஒரு மணிநேரம் பேசிட்டா, பிற்பாடு நிறையக் குழப்பம் மிச்சம். உங்க வீட்டுப் பெரியவங்க ஊர் சுத்தக் கிளம்பினா, ரூட் மேப்போட சேர்த்து அதையும் கேட்டுவையுங்க.