இதயத் துடிப்புக்கு மாத்திரை, தைராய்டுக்குப் பாதிப்பு: அமியோடரோன் சாப்பிடுபவர்கள் அறிய வேண்டியவை

இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று சிகிச்சைக்குச் செல்பவர்களில் சிலருக்கு 'அமியோடரோன்' என்ற மாத்திரை எழுதித் தரப்படுகிறது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத, உயிருக்கே ஆபத்தான துடிப்புக் கோளாறுகளையும் கட்டுப்படுத்தக்கூடிய வலுவான மருந்து இது. ஆனால், இதே மாத்திரை கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைப் பாதிக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உடல் சோர்ந்தால் வயதாகிவிட்டது என்றும், மெலிந்தால் கவலை என்றும் நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

காரணம் என்ன?

தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதற்கு அயோடின் தேவை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், அதாவது 0.15 மில்லிகிராம் போதும். அமியோடரோனின் எடையில் 37 சதவீதம் அயோடின்தான். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 6 மில்லிகிராம் தினமும் உடலில் பிரிந்து சேர்கிறது. தேவையைப் போல் சுமார் 40 மடங்கு!

மேலும், இந்த மருந்து உடலின் கொழுப்பில் தங்கிவிடும். நிறுத்திய பிறகு அதன் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகலாம். ஆகவே, மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் தைராய்டு பிரச்சினை தலைகாட்டலாம்.

சுரப்பு குறைந்தால்

அயோடின் அளவுக்கு மீறினால் சுரப்பி தற்காப்பாக ஹார்மோன் உற்பத்தியைச் சிறிது காலம் குறைத்துக்கொள்ளும். ஆரோக்கியமான சுரப்பி விரைவில் மீண்டுவிடும். ஏற்கெனவே தைராய்டு பலவீனமாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது மீளாமல் போகலாம். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், தோல் வறட்சி, மந்தமான நாடித்துடிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்குத் தைராக்ஸின் மாத்திரை கொடுத்தால் போதும். பெரும்பாலும் அமியோடரோனை நிறுத்த வேண்டியதில்லை.

சுரப்பு கூடினால்

இதுதான் அதிக ஆபத்தானது. உடல் மெலிதல், கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, தசைத் தளர்ச்சி ஆகியவை தோன்றலாம். கட்டுக்குள் இருந்த இதயத் துடிப்பு மீண்டும் தாறுமாறானால், முதலில் தைராய்டையும் சந்தேகிக்க வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வேகம் கூடி ரத்தக் கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு.

இதில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகையில், ஏற்கெனவே தைராய்டில் கட்டி போன்ற கோளாறு உள்ளவர்களின் சுரப்பி, கிடைத்த அயோடினைக் கொண்டு ஹார்மோனை அளவின்றித் தயாரிக்கிறது. இதற்குக் கார்பிமசோல் போன்ற மருந்துகள் தரப்படும். இரண்டாம் வகையில், மருந்தினால் சுரப்பி புண்பட்டு, சேமித்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் கசிகிறது. இதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். எந்த வகை என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும் என்பதால் இதய மருத்துவரும் ஹார்மோன் நிபுணரும் கலந்து முடிவெடுப்பது நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

* இந்த மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. மாத்திரை அட்டையில் 'அமியோடரோன்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.
* தொடங்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் டி.எஸ்.எச். உள்ளிட்ட தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திய பிறகும் ஓராண்டு வரை கவனம் தேவை.
* முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். சற்றுக் கூடுவது இயல்பு. அந்த அறிக்கையைப் பார்த்துப் பதறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.
* வீட்டில் யாருக்காவது தைராய்டு நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* எந்த மருத்துவரிடம் சென்றாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் தெரிவியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு பாதிப்புக்குச் சிகிச்சை உண்டு. கட்டுப்பாடு இழந்த இதயத் துடிப்போ சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மருந்துச் சீட்டை இன்றே ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கடைசியாகத் தைராய்டு பரிசோதனை செய்தது எப்போது என்றும் கேளுங்கள்.