உருளும் வெள்ளமும்: எல்லைப்புறப் பேரிடர்ச் சொற்கள்

பாலக்காட்டுக் கணவாயின் தென்விளிம்பில் கொல்லங்கோடு அமைந்துள்ளது. ஊருக்குத் தெற்கே தென்மலை சுவர்போல் எழுகின்றது, அதன்மேல் நெல்லியாம்பதி, ஆனைமலைத் தொடரையும் கடந்தால் இடுக்கி மாவட்டத்து மூணாறு. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலைகளில் மோதி மழையைக் கொட்டுகின்றது. அம்மழை விளைத்த அழிவுகள், தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில் தனிச்சொற்களாக நிலைபெற்றுள்ளன. அவற்றைப் பொதுத்தமிழுக்குப் பெயர்க்கும்போது காலக்குறிப்பும் காரணக்குறிப்பும் நழுவிவிடுகின்றன.

‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பது முதற்சான்று. இத்தொடரைக் காணும் புதிய மொழிபெயர்ப்பாளர் 1999 என்றோ 1899 என்றோ கொள்ளக்கூடும். உண்மையில் அது கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடக மாதம்; அதாவது 1924 சூலை, ஆகஸ்டு. தமிழ் அறுபதாண்டு வட்டத்தில் இரக்தாட்சி ஆண்டு ஆடி மாதம். கொல்லம் ஆண்டு நெல்லை, குமரிப் பகுதிகளிலும் வழங்கியதால், அங்கிருந்து தோட்டத்தொழிலுக்கு வந்தோர்க்கு இக்கணக்கு அயலானதன்று.

அவ்வாண்டு சூலையில் மூணாற்றில் 485 செ.மீ. மழை பெய்ததாகக் குறிக்கப்பெற்றுள்ளது. குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அழிந்தது. பின்னர் அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. தேயிலை அப்பாதை வழியே டாப் ஸ்டேஷன் சென்று, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்து வந்தது. கரிந்திரி மலை சரிந்து ஆலுவா–மூணாறு பழஞ்சாலையும் துண்டுபட்டது. மலையிற் பெய்த நீரே பெரியாற்று வழியாகக் கடலோரச் சமவெளியையும் மூழ்கடித்தது. எனவே இதை வெறும் ஆற்றுவெள்ளமாகக் கொள்வது பொருந்தாது. சரிவும் வெள்ளமும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள்.

இரண்டாவது சொல் ‘உருள்பொட்டல்’. தமிழில் பொட்டல் என்பது வெறுநிலம். மலையாளத்தில் பொட்டுதல் வெடித்தல், உடைதல். ஒலியொப்புமையால் மயங்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நாளேடுகள் இதனை ‘நிலச்சரிவு’ என்றே பெரும்பாலும் எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் ‘மண்சரிவு’. இரண்டும் பிழையல்ல, ஆனால் போதா. மலையாள வழக்கு ‘மண்ணிடிச்சில்’ என்பதையும் ‘உருள்பொட்டல்’ என்பதையும் வேறுபடுத்துகின்றது. முன்னது சாலையோர மண்மேடு இடிந்து விழுதல். பின்னது, பாறைமேல் கிடக்கும் மண்போர்வை மழைநீரால் நிறைந்து, உள்ளழுத்தம் மிகுந்து, ஓடைத்தலையில் உடைந்து, பாறையும் மரமும் சேறுமாக ஓடைவழியே பாய்தல். அதாவது, சரியும் இடத்தில் இருப்போர்க்கு மட்டுமன்றி, நெடுந்தொலைவு கீழே ஓடைக்கரையில் உறங்குவோர்க்கும் ஆபத்து என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது. ‘சரிவு’ இதை உணர்த்தாது.

2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் நேர்ந்தது இதுவே. மேலே உடைந்த மண்ணும் பாறையும் ஓடைவழி இறங்கித் தமிழ்த் தோட்டத்தொழிலாளர் ‘லயங்களை’ மூடின. 66 உடல்கள் மீட்கப்பட்டன, நால்வர் கிடைக்கவில்லை. இறந்தோரிற் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்டவர்கள். லயம் என்பதைக் ‘குடியிருப்பு’ எனப் பெயர்ப்பதும் குறையுடையது. ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும் வரிசைவீடுகள் அவை. ஒரு வரிசை மூடப்படின் பல குடும்பங்கள் ஒருசேர அழியும்.

வட்டாரச் சொல் அறிவியலில் ஏற்கப்படாது என்பாரும் உளர். தொலைவிலுள்ள தென்னிந்தியப் பெருங்கடற் புயல்களால் எழுந்து, காற்றில்லா நாளிலும் கரையேறும் பேரலையைக் கேரளக் கடலோர மீனவர் ‘கள்ளக்கடல்’ என்பர். முன்னறிவிப்பின்றி வருவதே பெயர்க்காரணம். 2012இல் யுனெஸ்கோ அதனை அறிவியல் வழக்கிற்கு ஏற்றது. குமரிக் கடற்கரைக்கான எச்சரிக்கைகளிலும் இன்று அச்சொல் இடம்பெறுகின்றது. கடலுக்குக் கிடைத்த ஏற்பு மலைக்கு இன்னும் கிட்டவில்லை. 2024 சூலை 30 வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை அழிவின்போதும் தமிழ்ச் செய்திகளில் ‘நிலச்சரிவு’ என்பதே பெரிதும் வழங்கியது. ‘உருள்வெள்ளம்’ என்றோ ‘சேற்றுப்பாறைப் பெருக்கு’ என்றோ ஆக்கலாம்; எல்லைத் தமிழர்க்குப் பழக்கமான ‘உருள்’ என்னும் வேரை விடாதது முன்னதே.