உளைச்சல் ஓய்ந்த பின்

ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் நந்திக்கடலும் நெருக்கி நிற்க, நடுவே கிடக்கும் முல்லைத்தீவு மணற்பரப்பிலே பூவல் தோண்டி நன்னீர் எடுத்து ஜீவித்த ஜனங்களுக்கு, அந்நீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய்க் கிடப்பதென்பதும், ஆழத் தோண்டினால் கரிக்குமென்பதும் பரம்பரையாய்த் தெரிந்த விஷயங்கள். ஆயினும், ஆழமற்ற அக்குழியிலே மாரிகாலத்தில் அயலின் அசுத்தமெல்லாம் கசிந்து சேரும் ஆபத்து, குழந்தைகளின் வயிற்றுளைச்சலாகவே வெளிப்படும்.

சீதமும் இரத்தமுமாய்ப் போகும் பிள்ளைக்குப் பரியாரியார் மாதுளம்பிஞ்சு அரைத்துக் கொடுப்பதும், தாய் கஞ்சித் தெளிவு பருக்குவதும் பழைய வழக்கம். ஆனால் இவ்வியாதியின் கொடிய வகையொன்றிலே, ஒரு கிழமையளவில் உளைச்சல் தணிந்து வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையில், சில பிள்ளைகளுக்கு முகம் வெளிறிக் கண்ணிமை வீங்கும். காலை தொடங்கி மாலைவரை துணி நனையாது. "பிள்ளைக்குச் சலம் போகேல்லை" என்று தாய் சொல்லும் வார்த்தையை வைத்தியர் அலட்சியம் செய்யலாகாது. நீர் வற்றியதனால் சலம் குறைந்த பிள்ளைக்கு நீராகாரம் ஏறியதும் அது மீளும்; இப்பிள்ளைக்கோ கொடுத்த நீரும் தேகத்திலேயே தங்கி வீக்கத்தை வளர்க்கும்.

இக்கொடிய வகைக்கு மூலமான கிருமியை, 1897 இல் ஜப்பானில் பரவிய சீதபேதியின்போது கியோஷி ஷிகா கண்டறிந்தார். அது சுரக்கும் நஞ்சு சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்த நாளங்களைப் புண்ணாக்க, அங்கே இரத்தம் உறைந்து வழியடைபட, அவ்வழியே செல்லும் சிவப்பணுக்கள் சிதைகின்றன. வெளிறலும் சலத் தடையும் ஒருங்கே தோன்றுவது அதனாலேயே. 1978 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், சீதபேதி கண்ட தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்நிலையை விவரித்து எழுதிய கட்டுரை நமக்கு மிக அண்மையான சான்று.

முல்லைத்தீவின் அதே மணற்பரப்பிலே, 2009 ஆம் ஆண்டில் யுத்தத்தின் இறுதிக் காலத்தில் புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரை லட்சக்கணக்கான ஜனங்கள் நெருக்குண்டு கிடந்தபோது, பள்ளிக்கூடக் கட்டடங்களில் இயங்கிய ஆஸ்பத்திரிகளிலே காயம்பட்டோருக்கே மருந்து போதவில்லை. சலம் நின்ற குழந்தைக்கு இரத்தச் சுத்திகரிப்பு நினைப்பிலும் எட்டாதது. எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குச் சென்றபோதும் வயிற்றோட்டம் உடன் சென்றது.

இன்று வயிற்றோட்டமென்றதும் ஜீவனி என்னும் உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுக்கத் தாய்மார் அறிவர், அது பேருபகாரம். இரத்தம் கலந்து போன பிள்ளையின் வீட்டிலோ, உளைச்சல் ஓய்ந்த பின்னும் ஒரு கிழமைக்காவது, சலம் எத்தனை தரம் போயிற்றென்று குடும்பநல மாது கேட்டறிதலும் அவசியம்.