சுடலைக் கதைகளும் ஈமவரலாறும்

யாழ்ப்பாண நகரினின்று ஆனைக்கோட்டை, மானிப்பாய் ஆகிய ஊர்களைக் கடந்து சண்டிலிப்பாய்க்குச் செல்லும் வீதி, வயல்களுக்கும் பனங்கூடல்களுக்கும் ஊடாகச் செல்வது. மாரியிற் பெருகிக் கோடையில் வற்றும் வழுக்கையாறும் இப்பகுதியைச் சார்ந்தே ஓடுகின்றது. இத்தகைய ஊர்களிற் சுடலை, குடிமனைகளுக்கு அப்பால் ஒதுங்கிய வெளியில் அமைந்திருத்தல் பழைய வழக்கம். பெண்டிர் வீட்டுப் படலையோடு நின்றுவிட, ஆடவரே பாடையின் பின் சென்றனர். எரியூட்டியவர் பின்னர்க் காடாற்றுக்காக அவ்விடம் சென்று, எடுத்த சாம்பரைக் கீரிமலைத் தீர்த்தத்திற் கரைப்பர். இக்கடன்களுக்காகவன்றி அவ்வெளியை மிதிப்பார் அரியர். இருள்பட்டபின் செல்வார் மிக அரியர்.

மக்கள் செல்லாத இடத்திற் கதைகள் குடியேறுதல் இயல்பே. புளியமரத்தில் உறையும் முனி, வழிப்போக்கனைப் பின்தொடரும் அடியோசை, நீர்நிலையோரத்தில் வாய்திறந்து நெருப்புக் காட்டும் கொள்ளிவாய்ப்பேய் என இவை பலவாம். அழுகிய பொருள்களினின்று எழும் வாயுவே சதுப்பு நிலத்தில் ஒளியாய்த் தோன்றுகின்றது என்பர் அறிவியலார் பலர். எனினும், அவ்விளக்கத்தோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. பேய்க்கதைகளை அப்படியே நம்புதலும் எளிது. மூடநம்பிக்கையென ஒதுக்குதலும் எளிது. வரலாறு கற்பார்க்கு இவ்விரண்டும் போதா. அக்கதைகளின் அடியில் மறைந்து கிடக்கும் மனிதரைக் காண்பதே அவர்தம் கடமையாகும்.

இடுகாட்டுப் பேய்க்கதை தமிழருக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 6ஆவது காதை, காவிரிப்பூம்பட்டினத்துச் சக்கரவாளக் கோட்டத்தின் வரலாற்றைக் கூறுவது. ஊரார் அதனைச் சுடுகாட்டுக் கோட்டம் என்றே வழங்கினர். சார்ங்கலன் என்னும் இளைஞன் அங்குத் தனித்துப் புகுந்து, தலையொன்றைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு நடுங்கி ஓடித் தன் தாயாகிய கோதமையிடம் அதனைக் கூறி உயிர் நீத்தான். மகனைப் பேய் கொன்றதெனக் கருதிய தாய், சம்பாபதித் தெய்வத்திடம் முறையிட்டாள். தெய்வமோ, அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை. மைந்தனின் அறியாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு அவன் பழவினையே உயிரைக் கவர்ந்தது என்று விடையிறுத்தது. பேய் உண்டு என நம்பிய காலத்து நூலே, சாவுக்குக் காரணம் பேயன்று என உரைத்தமை சிந்திக்கத்தக்கது.

அக்காதை மற்றொரு வகையானும் அரிய சான்றாகின்றது. பிணத்தைச் சுடுதல், வாளாவிடுதல், தோண்டிய குழியிற் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என்னும் ஐவகை வழக்கங்களையும் அது ஒருங்கே கூறுகின்றது. இவற்றுள் தாழி பற்றியும் அச்சந்தரும் கதையொன்று தமிழகத்திற் பரவியுள்ளது. முற்காலத்து மாந்தர் மூத்துச் சுருங்கியும் சாவாதிருந்தனராம்; அவரை உணவோடும் விளக்கோடும் உயிருடன் தாழியில் வைத்தனராம். முதுமக்கள் தாழி என்னும் பெயருக்கு ஊரார் கூறும் காரணம் இதுவே.

அகழாய்வு கூறுவது வேறு. 1876இல் ஜாகர் என்னும் ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தாழிக்காட்டை அகழ்ந்தார். இலங்கையில், புத்தளத்தை அடுத்த பொம்பரிப்பில் 1970இல் அமெரிக்க ஆய்வாளர் தாழிகளை ஆராய்ந்தனர். அங்கு ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. உடல் அழிந்தபின் எலும்புகளைத் திரட்டி வைத்தனர் என்பது அதனாற் புலப்படும். உயிரோடிருந்தவரை அடைத்த கொடுமை அங்கில்லை. இறந்தாரைக் கைவிடாத அன்பே உண்டு. கணவனை வழியிடையே இழந்த மங்கையொருத்தி, தாழி வனையும் வேட்கோவை நோக்கித் தனக்கும் இடமிருக்குமாறு அதனை அகலமாக வனைக என வேண்டும் புறநானூற்றுப் பாடல் இவ்வன்பிற்குச் சான்றாகும்.

இனி, மேற்கூறிய வீதியிலேயே சண்டிலிப்பாய்க்கு ஒருசில மைல் தொலைவிலுள்ள ஆனைக்கோட்டையை நோக்குவோம். அங்கு 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி முதலியோர் நடத்திய அகழாய்வில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்த ஈமக்குழிகள் வெளிப்பட்டன. கறுப்புச் சிவப்பு மட்கலங்களோடு மனித எலும்புக்கூடுகளும் காணப்பட்டன. ஓர் எலும்புக்கூட்டின் அருகே சிறிய முத்திரையொன்று கிடைத்தது. அதன் மேல்வரியிற் குறியீடுகளும், கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் உள்ளன. அவ்வெழுத்துக்களைக் ‘கோவேத’ என ஆய்வாளர் வாசித்தனர். கோ என்பது தலைவனைக் குறிக்கும் சொல்லாதலின், புதைக்கப்பட்டவன் மதிப்புடைய ஒருவன் எனக் கருதப்படுகின்றது. அம்முத்திரையின் காலம் ஏறத்தாழ கி. மு. 3ஆம் நூற்றாண்டு என்பர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொன்மையை எழுத்தோடு உணர்த்திய இச்சான்று, அரண்மனையிற் கிடைத்ததன்று, கோயிலிற் கிடைத்ததுமன்று. இறந்தாரைப் புதைத்த இடத்திலேயே கிடைத்தது. ஊர்ப்புறத்து ஈமநிலங்கள் எத்துணைப் பொருளுடையன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பேயச்சம் ஒரு நன்மையும் செய்தது எனலாம். மக்கள் அஞ்சி ஒதுங்கிய நிலத்தை மண்வெட்டி எளிதில் தீண்டுவதில்லை. ஆயின் அச்சம் நிலையான காவலன்று. மின்விளக்கு வந்தபின் பேய் அகலும். நிலத்தின் விலை ஏறியபின் சுடலையோரமும் வளவாகும். அச்சம் நீங்கிய இடத்தில் அறிவு வந்து நில்லாதாயின், பானையோடும் எலும்பினும் எஞ்சிய வரலாறு மண்ணோடு மண்ணாய் வண்டியில் ஏறிப்போகும். ஒருமுறை கலைந்த ஈமக்குழியை மீண்டும் அடுக்குதல் எவராலும் இயலாது.

சைவ மக்களுக்குச் சுடலை வெறுக்கத்தக்க இடமுமன்று. இறைவன் ஆடும் அரங்கு அதுவெனக் கொண்டனர் முன்னோர். காரைக்காலம்மையார் பேயுருவை விரும்பிப் பெற்றுத் திருவாலங்காட்டுக் கூத்தைப் பாடினார். அம்மரபில் வந்தோர், தம் ஊர்ச் சுடலைக் கதைகளை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தலும், ஊரில் மண் வெட்டுமிடத்துப் பழைய ஓடொன்று தோன்றினும் அதனை எறியாது அறிந்தார்க்குக் காட்டுதலும் தக்கனவாம். பேயென்று அஞ்சப்பட்டவர் ஒருகால் இம்மண்ணில் உழுதவர், பெற்றோராய் வாழ்ந்தவர். அவரைப் பேய்மையினின்று மீட்டு மீண்டும் முன்னோராக்குதல் வரலாற்றின் பணியாகும்.