கீழே விழுந்த கிரிஸ்டல்

மேற்குத் தாம்பரத்தில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் தம்பி, என் சுவர்க் கடிகாரத்திலிருந்து அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய உலோகக் குப்பியைக் கழற்றிப் போட்டார். "குவார்ட்ஸ் போயிருச்சு சார்."

எனக்கு 1969 ஞாபகம் வந்துவிட்டது. வயர்லெஸ் பயிற்சியில் இருந்தபோது ஒரு கிரிஸ்டலைக் கைதவறிக் கீழே போட்டேன். உள்ளே சில்லு உடைந்துவிட்டது. மாற்று வர நான்கு மாதம் ஆனது. அதுவரை அந்த செட் ஊமை. சீனியர் திட்டவில்லை, அதுதான் வலித்தது.

இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் செட்டுகளுக்குக் குவார்ட்ஸ் பெரும்பாலும் பிரேசில் சுரங்கங்களிலிருந்துதான் கப்பலேறியது. வரத்து நின்றால் என்ன செய்வது என்ற பயமே வளர்க்கும் முயற்சிக்கு உயிர் கொடுத்தது. இத்தாலியில் ஸ்பெசியா அதற்கு முன்பே வளர்த்துக் காட்டியவர். ஆனால் மாதக்கணக்கில் ஆனது. 1950-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது.

முறை நம் குக்கர் மாதிரிதான், அழுத்தம் மட்டும் ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல். தடித்த எஃகுக் கலத்தின் அடியில் உடைத்த குவார்ட்ஸ், காரம் கலந்த நீர், மேலே தொங்கும் விதைத் துண்டுகள். அடிப்பக்கம் சூடு கூடுதல். கரைந்தது மேலேறி, விதைமேல் படியும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம், வாரக்கணக்கில் திறக்கக்கூடாது.

அப்படி வளர்ந்ததில் அறுத்த துணுக்குதான் குப்பிக்குள் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது.

புதுசுக்குத் தம்பி தனியாகக் காசே வாங்கவில்லை. பழசைக் கேட்டு வாங்கி வந்தேன்.