முதல் மார்க்கா, கடைசி மார்க்கா? ஸ்பிட்ஃபயரும் அதன் சென்னை உடன்பிறப்பும்

நேற்று மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போது அரைகுறையாகவே விடை சொன்னேன். அவருடைய மாமா பழைய ஸ்டாண்டர்டு கார் ஒன்று வாங்க விரும்புகிறாராம். 1960-களின் தொடக்கத்து ஹெரால்டு ஒன்றும், பின்வந்த கெசல் ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. "ஐயா, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்குவோர் முதல் மார்க் நல்லதா, நான்காம் மார்க் நல்லதா என்று விவாதிக்கிறார்கள். நம் ஊர் வண்டிக்கும் அதே அளவுகோல்தானா?" என்றார். கேள்வி சிறியது, அதற்குள் இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றின் பெரிய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உறவுமுறையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1959-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு–ட்ரையம்ஃப் நிறுவனம் ஹெரால்டு காரை வெளியிட்டது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோத்தி. அக்காலத்தில் பிற நிறுவனங்கள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் அமைந்த கட்டுமானத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனி அடிச்சட்டத்தின் மேல், பல துண்டுகளாகச் செய்து திருகாணியால் முடுக்கிய உடலைக் கொண்டிருந்தது. பழமைப்பற்று இதற்குக் காரணமன்று. நிறுவனத்துக்கு உடற்பகுதி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ தொழிற்சாலையை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்விக்க வழியில்லை. எனவே துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து ஒன்று சேர்த்தனர். கவென்ட்ரியின் இந்த நெருக்கடிதான் பின்னர் சென்னைக்கு வாய்ப்பாயிற்று. துண்டுகளாகப் பிரியும் வண்டியைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றுவதும், வேறொரு நாட்டில் பூட்டுவதும், பின்னர் ஒவ்வொரு துண்டாக உள்நாட்டிலேயே செய்யத் தொடங்குவதும் எளிது.

அதே அடிச்சட்டத்தைச் சுருக்கி, பக்கச் சட்டங்களை நீக்கி, மேலே இருவர் அமரும் திறந்த உடலை மிக்கெலோத்தி அமைத்ததுதான் 1962-இன் ஸ்பிட்ஃபயர். 1961-இல் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்டு–ட்ரையம்ஃபை வாங்கியபோது அதன் மாதிரி வண்டி தொழிற்சாலையின் ஒரு மூலையில் போர்வைக்கடியில் கிடந்தது. 1980 வரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் வெளிவந்தன. ஆக, சென்னைத் தெருக்களில் ஓடிய ஹெரால்டும் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று தேடும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தலைமுறை விவாதம் முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. பின்சக்கரங்களைத் தாங்கும் ஊசல் அச்சுதான் அது. இவ்வமைப்பில் டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு நிலையாகப் பிணைந்திருக்கும். அதன் இருபுறமும் நீளும் அச்சுகள் உள்முனையில் மட்டும் மடங்கும். மேலே குறுக்காக ஒரே கமான் பட்டை இருக்கும். நேர்சாலையில் பயணம் இதமாகவே இருக்கும். வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் எழும்பும். வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும். சாலைப்பிடிப்பு திடீரெனக் குறையும். இதே வகை அச்சமைப்பைக் கொண்டிருந்த அமெரிக்கக் கோர்வேர் காரைப் பற்றித்தான் ரால்ஃப் நாடர் 1965-இல் தம் புகழ்பெற்ற நூலின் முதல் இயலை எழுதினார். கார் விபத்துக்கு ஓட்டுநரை மட்டுமே பொறுப்பாக்கி வந்த காலம் அதன்பின் மாறத் தொடங்கியது.

கவென்ட்ரி இக்குறையை எப்படித் தீர்த்தது? 1962, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வந்த முதல் மூன்று ஸ்பிட்ஃபயர் மார்க்குகளிலும் பழைய அமைப்பே தொடர்ந்தது. எஞ்சின் மட்டும் 1147 சி.சி.யிலிருந்து மூன்றாம் மார்க்கில் 1296 சி.சி.யாக வளர்ந்தது, ஆற்றல் 63 குதிரைத்திறனிலிருந்து 75 ஆனது. அதாவது, குறை அப்படியே இருக்க வேகம் மட்டும் கூடியது. 1970-இன் நான்காம் மார்க்கில்தான் தீர்வு வந்தது. கமான் பட்டையின் இலைகளுள் ஒன்றை மட்டும் நிலையாகப் பிணைத்து, மற்றவை நடுவில் ஊசலாடும்படி விட்டனர். செலவு குறைந்த, நுட்பமான திருத்தம் அது. முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது அதே மார்க்கில்தான். ஆனால் அதன்பின் அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே, அந்நாட்டுக்குச் சென்ற வண்டிகளின் ஆற்றல் குறைந்தது. கடைசித் தலைமுறையான 1500-இல் எஞ்சின் பெரிதாயிற்று; அதன் சுழல்தண்டுத் தாங்கிகள் விரைவில் தேய்ந்தன என்ற குறையும் சேர்ந்தது. ஆகவே எந்தத் தலைமுறையும் முழுமையான முன்னேற்றம் அன்று. ஒவ்வொன்றும் ஒன்றைப் பெற்று வேறொன்றை இழந்திருக்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் தொடங்கப்பட்டது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பகுதியில் அதன் ஆலை அமைந்தது. வெளிநாட்டு உதிரிகளைப் பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் வேண்டும் என்ற அரசின் கொள்கை 1953-இல் உறுதிப்பட்டது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் அக்காலத்தில்தான் இந்தியாவை விட்டு வெளியேறின. எஞ்சி நின்ற கார் உற்பத்தியாளர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவர். கல்கத்தாவின் இந்துஸ்தானும் பம்பாயின் பிரீமியரும் சென்னையின் ஸ்டாண்டர்டும் அவற்றுள் முதன்மையானவை. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையில் வெளிவந்தபோது அதில் இருந்தது 948 சி.சி. எஞ்சின்.

இங்குதான் 'தலைமுறை' என்னும் சொல்லின் பொருள் மாறுகிறது. இங்கிலாந்தில் ஹெரால்டு 948-இலிருந்து 1147-க்கும், 1967-இல் 1296-க்கும் சென்றது. சென்னையில் 948 சி.சி. மாறவேயில்லை. புதிய எஞ்சினுக்குப் புதிய கருவிகள் வேண்டும். கருவிகளுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். செலாவணிக்கு அனுமதி வேண்டும். ஆனால் எஞ்சின் மாறாததால் வண்டியே மாறவில்லை என்று கருதுவது பிழை. இரண்டு கதவுகள் இந்தியக் குடும்பத்துக்குப் போதவில்லை. முதியோரும் சேலை உடுத்திய பெண்களும் முன்னிருக்கையை மடக்கிப் பின்னால் ஏறுவது துன்பம். எனவே 1960-களின் பிற்பகுதியில் கவென்ட்ரி ஒருபோதும் செய்யாத நான்கு கதவு ஹெரால்டைச் சென்னை செய்தது. கம்பேனியன் என்ற பெயரில் ஐந்து கதவு வண்டியும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் வந்த கெசலில் முகப்பும் பின்புறமும் மாறின. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசல் அச்சு முற்றிலும் நீக்கப்பட்டு, இரு சக்கரங்களையும் ஒன்றாய் இணைக்கும் கெட்டி அச்சு வந்தது.

ஒரே குறை, ஏறத்தாழ ஒரே காலம், இரண்டு தீர்வுகள். கவென்ட்ரி கமான் பட்டையைத் திருத்தியது. சென்னை அச்சையே மாற்றியது. பொறியியல் பாடநூலின் கண்ணில் சென்னையின் தீர்வு பின்னடைவு. தனித்தியங்கும் சக்கரங்களை விட்டுவிட்டுப் பழைய கெட்டி அச்சுக்குத் திரும்புவது எப்படி முன்னேற்றமாகும்? ஆனால் வாங்குவோரும் மெக்கானிக்குகளும் ஊசல் அச்சை விரும்பவில்லை. கெட்டி அச்சு எல்லாப் பட்டறைக்காரருக்கும் தெரிந்த அமைப்பு. குண்டும் குழியுமான சாலையில், ஐவரையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வளைவுகளில் விரைவதைவிடத் தாங்குவதே முதன்மை. தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிப்பின் வரிசையில் வைத்துப் பாராமல் பயன்பாட்டின் வரலாறாகப் பார்க்க வேண்டும் என்று டேவிட் எட்கர்ட்டன் 2006-இல் எழுதிய நூல் வலியுறுத்துகிறது. அவ்வாதத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு சான்று வேண்டுமெனில் கெசலின் பின்னச்சைக் காட்டலாம்.

இந்தப் புகழுரையை இத்தோடு நிறுத்திவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். ஏனெனில் கதையின் முடிவு வேறு. 1985-இல் நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரை வெளியிட்டது. உடல், 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் எனத் தேர்வான ரோவர் எஸ்.டி.1-இனுடையது. எஞ்சினோ பழைய வான்கார்டின் வழிவந்த 1991 சி.சி. வகை. 1953-இன் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 விளையாட்டுக் காருக்கு உயிர் கொடுத்ததும் அதே எஞ்சின் குடும்பம்தான். அதாவது மிகப் புதிய உடலுக்குள் மிகப் பழைய இதயம். எடை மிக்க உடலை இழுக்க எஞ்சின் திணறியது; எரிபொருளை விழுங்கியது; விலையும் உயர்ந்தது. 1983 இறுதியில் மாருதி 800 வந்திருந்தது. வாங்குவோரின் எதிர்பார்ப்பே மாறிவிட்டிருந்தது. 1988-இல் ஆலை நின்றது. கெசலில் தேவைக்கேற்ப மாற்றிய அதே கை, இங்கு தோற்றத்துக்காகக் கலந்தது. பழையதையும் புதியதையும் கலப்பதில் தவறில்லை. யாருடைய தேவைக்காகக் கலக்கிறோம் என்பதே கேள்வி.

மாணவருக்கு உரிய நேரடி விடைக்கு வருகிறேன். விரைவாக ஓட்டும் இன்பத்துக்காக ஸ்பிட்ஃபயர் வாங்குபவர் நான்காம் மார்க்கையோ, பிற்காலக் கமான் பட்டை பொருத்திய மூன்றாம் மார்க்கையோ தேடுவது அறிவுடைமை. முதல் மார்க்கின் தூய வடிவை விரும்புவோர் அதன் பின்னச்சின் இயல்பை அறிந்து ஓட்ட வேண்டும். ஹெரால்டா கெசலா எனில், நாள்தோறும் எடுத்து ஓட்ட விரும்பும் மாமாவுக்குக் கெசலே ஏற்றது. சேகரிப்புச் சந்தை முதல் ஹெரால்டை 'அசல்' என்றும் கெசலை 'மாற்றப்பட்டது' என்றும் சொல்லும். அச்சொற்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கவென்ட்ரியில் செய்த மாற்றத்துக்கு 'மார்க்' என்றும் பெருங்களத்தூரில் செய்த மாற்றத்துக்குக் 'கலப்பு' என்றும் பெயரிடுவது பொறியியல் தீர்ப்பன்று. நாம் மறுபரிசீலனை செய்யாத பழைய படிநிலை.

எந்தத் தலைமுறையாயினும் முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நான் இதை எழுதும் ஹட் பேயில் வண்டிகள் கப்பலில் வந்து இறங்கி, கடலோரச் சாலையில் உப்புக்காற்றைக் குடித்தே முதுமை எய்துகின்றன. இங்கு எவரும் வண்டியின் ஆண்டை முதலில் கேட்பதில்லை. கீழே துரு எவ்வளவு என்றே கேட்பார்கள். ஸ்பிட்ஃபயருக்கும் இது பொருந்தும். பக்கச் சட்டங்களை நீக்கிவிட்டதால் அதன் வலிமையின் ஒரு பங்கைக் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதிகளே தாங்குகின்றன. அவை துருவேறினால் எந்த மார்க்காக இருந்தும் பயனில்லை. ஹெரால்டுக்குத் தனிச்சட்டம் முழுமையாக இருப்பதால் சற்றுக் கூடுதல் பொறுமை உண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஸ்பிட்ஃபயரின் ஒவ்வொரு திருகாணிக்கும் இங்கிலாந்தில் ஆவணமும் கையேடும் ஆர்வலர் சங்கமும் உண்டு. நம்முடைய பின்னச்சை யார் வரைந்தார், எந்தச் சாலையில் சோதித்தார், நான்காம் கதவுக்கான அச்சுருவை யார் கையால் தட்டி உருவாக்கினார் என்பவற்றின் பதிவு சிதறிக்கிடக்கிறது. ஆலை நின்ற நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்துவிட்டது. அங்குப் பணிபுரிந்தோர் பலர் முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ 'ஸ்டாண்டர்டில்' வேலை பார்த்தவராயின், அவர் வைத்திருக்கும் பணி அட்டை, வரைபடம், பயிற்சிக் குறிப்பேடு எதுவாயினும் பழைய காகிதக்காரரிடம் போடுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அவரிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்தத் தலைமுறைக் கார் சிறந்தது என்று நாம் நிதானமாக விவாதித்துக்கொள்ளலாம். அதைச் செய்த தலைமுறைக்கு அவ்வளவு நேரமில்லை.