சிறு குளவியும் பெரும் வானூர்தியும்

1732ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பித்தோ, சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்க ஒரு குழாயை அமைத்தார். பிற்காலத்தில் அதுவே வானூர்தியின் வேகத்தை அளக்கும் கருவியாயிற்று. எதிர்க்காற்றின் அழுத்தத்தைக் கொண்டே அது வேகத்தை உணர்த்துகிறது. துளை அடைபட்டால் வேகமானி பொய்யுரைக்கும்.

1996 பிப்ரவரி 6ஆம் நாள், தொமினிக்கன் குடியரசின் புவெர்த்தோ பிளாட்டாவிலிருந்து புறப்பட்ட பிர்கன் ஏர் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் வீழ்ந்தது. 189 பேர் மாண்டனர். பறக்காது பல நாள் நின்றிருந்த அவ்வூர்தியின் குழாயில், மூடியிடாத வேளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். மேலே ஏற ஏறத் தலைமை விமானியின் மானி மிகை வேகம் காட்டிற்று. உண்மையிலோ ஊர்தி வேகமிழந்து கொண்டிருந்தது. எச்சரிக்கை எழுந்தும் விமானிகள் நிலையை உணர்ந்தாரிலர்.

குளவித் தொல்லை மிக்க ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், நின்ற ஊர்திகளின் குழாய்களுக்கு மூடியிடும் வழக்கம் வந்தது. 2018 ஜூலை 18இல் அங்கிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய ஏர்லைன்ஸ் ஊர்தியில் அம்மூடிகள் அகற்றப்படவில்லை. வேகமறியாது பறந்த அது, நல்வாய்ப்பாகப் பிரிஸ்பேனுக்கே திரும்பித் தரையிறங்கிற்று.

மூடியிட மறந்தாலும் கேடு. அகற்ற மறந்தாலும் கேடு. சிறு கடமையிலும் வழுவாமையே பெருங்காப்பு என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.